இணைப்பு: தீப்பெட்டி ஒன்று

மனுவின் கடைசி வரியில்
இணைப்பு: தீப்பெட்டி ஒன்று
என்று எழுதச் சொன்னேன்.
எழுதித் தருகிறவர் பேனாவை மூடினார்.
"ஜெராக்ஸ் போதும்மா, தீப்பெட்டி எதுக்கு?"
உள்ளே ஒரு கதண்டு இருக்கிறது என்றேன்.
பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டு
எழுதினார்.

ஒப்பிலானுக்குத் தெற்கே
உப்புப் பாத்தி முடிந்து கருவை தொடங்குகிற வரப்பு.
பங்குனி வெயில். காற்று செத்துக் கிடந்தது.
வாய்க்கால் தெரியவில்லை, வெட்டுங்கள் என்றார் மேஸ்திரி.
நாங்கள் உப்பு அள்ளப் போனவர்கள்.
அரிவாள் கம்பெனியுடையது,
பிடியில் சிவப்புப் பெயிண்ட் அடித்தது.

நம்புவள்ளி மூன்றாவது வெட்டுதான் வெட்டினாள்.
முள்ளுக்குள்ளே சட்டி மாதிரி தொங்கியதை
யாருமே பார்க்கவில்லை.
மரம் பூராவும் ஒரே இரைச்சலாய்க் கிளம்ப
பாத்திக்குள் ஓடி விழுந்தாள்.
கரண்டைக்கால் தண்ணீரில்
எந்த உடம்பை எப்படி முக்குவது?

இருபத்தேழு.
ஆட்டோவில் என் மடியில் போட்டு எண்ணினேன்.
சேலை மடிப்பில் ஒன்று செத்துக் கிடந்தது.
குச்சிகளைக் கொட்டிவிட்டு அதைப் பெட்டியில் போட்டேன்.
ஏன் போட்டேன் என்று அப்போது தெரியாது.

மூன்றாம் நாள் மூத்திரம் கடுங்காப்பி நிறம்.
மதுரையில் ரத்தத்தை வெளியே எடுத்து
கழுவிக் கழுவி உள்ளே விட்டார்கள், ஆறு தடவை.
இனிமேல் உப்பு ஆகாது என்று அனுப்பினார்கள்.
உப்பளத்துக்காரிக்கு!
பஸ்ஸில் இரண்டு பேரும் சிரித்தோம்.
அவளுக்கு ஒரு கண்ணிமை மட்டும் சிரிப்பில் சேரவில்லை.

வீட்டுக்கு வந்தால் கணக்குச் சீட்டு:
இருபத்திரண்டு நாள் வேலைக்கு வரவில்லை.
படிந்து வந்த உப்பை மிதித்துக் கலக்கியதற்குத்
தனியாகப் பிடித்தம்.

தொழிலாளர் ஆபீஸில் கம்பெனி வக்கீல் எழுந்தார்.
சம்பவம் பத்தே கால் மணிக்கு.
பத்து முதல் பத்தரை டீ இடைவேளை.
"அது கதண்டுக்குத் தெரியாதுங்க" என்றேன்.
உட்காரச் சொன்னார்கள்.
மரம் கம்பெனி எல்லையில் இல்லை, புறம்போக்கு என்றார்.
தீயணைப்புக்காரர்கள் அன்றைக்கே கொளுத்திவிட்ட மரத்தை
கரிக்கட்டையில் சங்கிலி பிடித்து அளந்த
வரைபடம் காட்டினார்.
பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு,
ஆஸ்பத்திரிச் சீட்டில் பூச்சிக்கடி என்றிருக்கிறது,
மனுவில் கொட்டியது என்றிருக்கிறது.
கடித்ததா, கொட்டியதா?

இதற்குமா சாட்சி?
பாம்பு கடிக்கும். நாய் கடிக்கும்.
கதண்டு கொட்டும்.
நாங்களும்தான் கொட்டுகிறோம்,
அம்பாரம் அம்பாரமாக,
கூடைக்கு இவ்வளவு என்று.

அதிகாரி ஒரு பெண்.
மூக்குக் கண்ணாடியைத் தலைக்கு ஏற்றிவிட்டு
பெட்டியைத் தள்ளித் திறந்தார்.
எறும்பு தின்று தீர்த்திருந்தது.
ஒரு இறக்கை.
மஞ்சள் பட்டை போட்ட வயிற்று ஓடு.
நுனியில் ஊசி.
ஊசியை மட்டும் எறும்பு தொடவில்லை.

ஃபேனை நிறுத்தச் சொன்னார்.
அந்தக் கொஞ்ச நேரம்
அறையில் எல்லாருக்கும் வியர்த்தது,
வக்கீலுக்கும்.
குனிந்து பார்த்துக்கொண்டே
"வெட்டச் சொன்னது யாரு?" என்றார்.
இத்தனை மாதத்தில்
அதை யாரும் கேட்டிருக்கவில்லை.
மேஸ்திரி சாத்தையா
தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெட்டியை மூடி, நூல் சுற்றி, எண் போட்டார்கள்.
அடுத்த வாய்தா ஆடி கழித்து.

பஸ் ஸ்டாண்டில் நம்புவள்ளி கேட்டாள்,
"பெட்டியத் திருப்பித் தருவாகளா?"
தெரியாது என்றேன்.
அன்றைக்குக் கொட்டிய குச்சிகள்
சுருக்குப்பையின் அடியில் அப்படியே கிடக்கின்றன,
எட்டோ ஒன்பதோ.
உரசுகிற பக்கம்தான்
ஆபீஸில் இருக்கிறது.